இடது சீட்டுக்கு அடியில் ஒரு கட்டை

விக்கிரமசிங்கபுரம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

ஆண்டவருக்குள் மிகவும் அன்பான ஸ்வீட்லினுக்கு, உன் வீட்டுக்காரன் வேதநாயகம் எழுதுவது. இங்கே நான் சுகம், மகள் பியூலாவும் சுகம். மஸ்கட்டில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாவும் சுகமாயிருக்க ஜெபித்துக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் நீ சாப்பிட்டீர்களா என்கிறாய், நான் 'ம்' என்கிறேன். வண்டி பார்த்தீர்களா என்கிறாய், அதற்கும் 'ம்'. அதற்குள் அந்த அம்மா மணியடித்து விடுவார், நீ ஓடிவிடுவாய். போன வாரம் நீ கேட்ட பெரிய கேள்விக்கும் என் வாயில் அதுதான் வந்தது. அந்த அம்மாவின் மகன் இன்னும் இரண்டு வருஷம் வேலையில் இருக்கக் கையெழுத்துக் கேட்கிறார் என்றாய். "நல்ல வண்டியா அமைஞ்சிட்டா நீங்க ஒத்தையில சமாளிச்சிருவீங்கல்லா, நான் போட்டுறட்டுமா" என்றாய். நான் 'ம்' என்றேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உனக்கு வெள்ளிக்கிழமைதோறும் சோறு போடுகிற ரைஹானத் லீவு முடிந்து இந்த வாரம் புறப்படுகிறாள். மேலப்பாளையம் போய் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்தைப் பற்றி யோசி. அதற்கு முன் பேனாவைத் தொடாதே.

பியூலாவுக்குப் பாளையங்கோட்டையில் வேலை கிடைத்ததை அவளே சொல்லியிருப்பாள். ஹாஸ்டலைக் காலி பண்ணிவிட்டுத் தோழிகளோடு சேர்ந்து அங்கேயே வீடு எடுத்திருக்கிறாள். சனிக்கிழமை வருகிறேன் என்பாள். சில சனிக்கிழமை வரவும் செய்வாள். குறையாகச் சொல்லவில்லை, சிறகு முளைத்த பிள்ளை. அவள் படிப்புக்காகத்தான் நீ போனாய், படிப்பு முடிந்துவிட்டது. இதை இந்த இடத்தில் எழுதிவைத்துவிட்டு வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பழைய ஜீப்பை இரும்புக்கடைக்குக் கொடுத்ததிலிருந்து கான்கிரீட் கலவை மிஷினை இழுத்துப்போக டிராக்டர்காரனின் தாடையைத் தடவிக்கொண்டிருக்கிறேன். கார் நெல் நடவு தொடங்கிவிட்டால் அவன் கண்ணில் படுவதே இல்லை. இப்போது வீடு கட்டுகிறவர்களெல்லாம் வாய்க்கால் கரையிலும் மலையடிவாரத்திலும்தான் இடம் வாங்குகிறார்கள். அந்தச் சேற்றில் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி போனால் குழிதான் தோண்டும். நம் மிஷின் கலவையை மாடிக்கு ஏற்றுகிற லிப்ட் வைத்தது, அதன் கனம் உனக்குத் தெரியும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியாக, பழசிலேயே நல்லதாக ஒன்று வேண்டும் என்று அலைந்தேன்.

முதலில் மணிமுத்தாற்றில் வன்னியராஜ் என்று ஒருவரிடம் ஜீப் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். பச்சைப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார். "நாலு வீலும் இழுக்கும் அண்ணாச்சி, மலையைக் கட்டுனாலும் கூட வரும்" என்றார். நான் கீழே படுத்துப் பார்த்தேன். முன் சக்கரத்துக்குப் போகிற ஷாப்டே இல்லை. கேட்டால், டீசல் குடிக்கிறது என்று கழற்றினேன், அந்தா சாக்கில்தான் கிடக்கிறது, மாட்டிக்கொள்ளலாம் என்றார். சாக்கை அவிழ்த்தால் உள்ளே பிண்ணாக்கு. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கும் நினைத்து நினைத்துச் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர் முகம் தெரியாத ஆள். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்தது ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய வண்டி. யானைக்கால் டயர், தலையில் வரிசையாக விளக்கு. இழுவைக் கொக்கியை அடிச்சட்டமான சேசிஸில் பிடிக்காமல் பம்பரில் வெல்டு வைத்திருந்தார்கள். சட்டைப் பையில் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டது போலத்தான் அது. நம் மிஷினை மாட்டினால் மிஷின் ரோட்டில் நிற்கும், பம்பர் மட்டும் அம்பாசமுத்திரம் போய்ச் சேரும். எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் புதன்கிழமை வரைக்கும் அதே கறி. இரண்டு பேருக்கு வைக்கிற அளவு கைக்குப் பழகிவிட்டது, ஒரு ஆளுக்கு உலை வைக்க இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டு இசக்கியம்மா குழம்பு கொடுத்துவிடுகிறாள். கூடவே, "மதினி எப்ப வாரா" என்று ஒரு கேள்வியையும் கொடுத்துவிடுகிறாள். குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கொடியில் என் சட்டைகள் மட்டும் காய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை ஸ்வீட்லின். அதனால் இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறேன்.

சரி, வண்டி. ரைஹானத்தின் வாப்பா மீரா முகைதீன் அண்ணாச்சி பழைய வண்டி வாங்கி விற்கிறவர் என்று நீதானே சொன்னாய். எஸ்டேட்டில் ஓடிய பிக்கப் ஒன்று அவரிடம் இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சிமெண்ட் மூட்டை ஏற்றலாம். பார்வைக்கு ஒன்றுமில்லை, கதவெல்லாம் சொட்டை. காலையில் என்ஜின் சூடாவதற்கு முன்பே வந்து பாரும் என்று அவரே சொன்னார். அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் இல்லை. சேசிஸில் ஒட்டு இல்லை. முன் ஷாப்ட் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மிஷினைக் கட்டி ஏற்றத்தில் இழுத்துப் பார்க்காமல் நான் கைகொடுக்க மாட்டேன் என்றேன். "இழுத்துப் பாரும் வே, நானும் கூட வாரேன்" என்று விக்கிரமசிங்கபுரத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்தார்.

மிஷினை மாட்டிக்கொண்டு பாபநாசத்துக்கு மேலே நாம் வழக்கமாக ஏறுகிற மேட்டுக்குப் போனோம். லோ கியரில் போட்டேன். என்ஜின் ஒரு முனகல் முனகியது, அவ்வளவுதான். கிளட்ச் கருகுகிற வாடை இல்லை, சூடு ஏறவில்லை. பழைய ஜீப் அந்த மேட்டில் என்ன பாடுபடுத்தும் என்று உனக்குத் தெரியுமே. பாதி மேட்டில், மருதமரத்து வளைவில், சூடு தணிய நிறுத்தியே ஆக வேண்டும். பிரேக்கை நம்ப முடியாது. நீ குதித்து இறங்குவாய். சேலைக் கரையைக் கைப்பிடியாகக் கட்டிய அந்த வேப்பங்கட்டையை மிஷின் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, வண்டிப் பக்கவாட்டில் படபடவென்று தட்டுவாய். அந்தத் தட்டு கேட்ட பிறகுதான் நான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பேன்.

இந்த வண்டிக்கு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் மருதமரத்து வளைவு வந்ததும் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. நிறுத்திவிட்டேன். கை பிரேக்கையும் இழுத்துவிட்டு, காலை எடுக்காமல், நீ தட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். நீ இல்லை என்பது தெரியாமலில்லை. தெரிந்தும் காத்திருந்தேன். "என்ன வே, நல்லாத்தான இழுக்கு, ஏன் நிப்பாட்டுனீரு" என்றார் அண்ணாச்சி. அவர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வந்தார். "பாத்தீரா, பைய கால எடும், ஒரு இஞ்சு நகராது. இனிம கட்டையும் வேண்டாம், கட்ட போட ஆளும் வேண்டாம். ஒத்த ஆளே போதும் வே" என்றார்.

நான் காலை எடுத்தேன். வண்டி நகரவில்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த உண்மையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது ஸ்வீட்லின், மீசை நரைத்த மனுஷனுக்கு, நடுரோட்டில், வியாபாரம் பேச வந்த ஆள் முன்னால். அண்ணாச்சி சாலையோரம் போய் மரத்தடியில் நின்று ரொம்ப நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வரும்போதுதான், "எம் மவளும் லீவு முடிஞ்சா அங்கனதான் போயிக் கெடக்கணும்" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

அன்றைக்கு வாங்காமல் அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, இந்த வண்டி வேண்டாம், கட்டை போட ஆள் தேவைப்படுகிற வண்டியாகப் பார்ப்போம் என்றெல்லாம் புத்தி கெட்ட யோசனை யோசித்தேன். பிறகு, வண்டி மேல் என்ன குற்றம், நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டாமா என்று நேற்று போய்க் கைகொடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில்தான் நிற்கிறது. உனக்குப் பிடிக்கும். இடது கதவை மட்டும் கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில். வண்டி ஒத்தையில் சமாளிக்கும். நான் சமாளிக்கவில்லை. போனில் சொன்ன 'ம்' பொய். அந்த அம்மாவை நடுத்தெருவில் விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கு நல்ல ஆள் ஒருத்தியைப் பார்த்து அமர்த்திக் கொடு. இரண்டு வருஷத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

வேப்பங்கட்டையை விறகில் போட மனம் வரவில்லை. கைப்பிடிச் சேலைக்கரை நைந்திருந்தது. உன் பெட்டியிலிருந்து வேறு ஒன்று எடுத்துக் கட்டி, இடது சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்தச் சீட்டில் சிமெண்ட் மூட்டை வைக்க யாரையும் விடவில்லை.

நீ போன வழியைக் காத்த ஆண்டவர், திரும்பி வருகிற வழியையும் காக்கட்டும். மருதமரத்து வளைவில் நிறுத்தியிருக்கிறேன், வந்து தட்டு.

இப்படிக்கு,
உன் வேதநாயகம்.