வெள்ளிக்கிழமைக் காளை

4-2-1977, வெள்ளி

நல்லேப்பிள்ளியிலிருந்து காளை ரத்தத்தோடு பஸ் பிடித்தேன். மடியில் ஐஸ் போட்ட தூக்குப் பாத்திரம். "மீனா?" என்று கேட்டார் கண்டக்டர். கல்பாத்தி அக்ரகாரத்துப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? "இல்லை, ரத்தம்" என்றேன். அப்புறம் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. சௌகரியமாக வந்தேன்.

காளைக்காரர் நஞ்சப்பன் தங்கமான மனுஷர். பரம்பரையாக நாட்டு மாடு வளர்க்கிற குடும்பம். என்னைப் பார்த்ததும் அவரும் மனைவி மருதாத்தாளும் உள்ளே போய் ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு களத்துப் பக்கமிருந்து ஒரு காளையைப் பிடித்துவந்து கட்டினார்கள். கழுத்து நரம்பில் நானே ஊசி குத்தினேன். காளை அசையவில்லை.

6-2, ஞாயிறு

அம்மாவுக்கு மறுபடியும் விளக்கினேன். தென்னாட்டு மாட்டினங்களின் குரோமோசோம்களை ஒரே பெரிய படமாகப் போடுகிறோம். ஏழு கல்லூரிகள் வேலையைப் பங்கு போட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பக்கத்து மாட்டின் அறுபது குரோமோசோமையும் போட்டோ எடுத்துத் தரவேண்டும். எங்கள் பங்கு கொங்குக் காளை. எந்தக் குணம் எதில் இருக்கிறது என்பதைப் பின்னால் வருகிறவர்கள் குறிப்பார்கள். தெருவைப் போட்டால்தானே வீட்டு நம்பர் போடமுடியும்?

மாதக் கடைசிக்குள் நம்பும்படியான படம் போகாவிட்டால் எங்கள் பங்கு வேறு கல்லூரிக்குப் போய்விடும். அதற்கென்றே வேலைக்கு வைத்த எனக்கும் சீட்டுக் கிழிந்துவிடும்.

"மாட்டுக்குள்ள என்ன இருந்தா நமக்கென்னடீ, வாலாம்பா? பால் கறக்கறதோல்லியோ" என்றாள் அம்மா.

காளை அம்மா, காளை.

9-2, புதன்

படம் அற்புதமாக வந்திருக்கிறது. அறுபதும் தனித்தனியாக. ஆனால் ஒய் சரியில்லை.

ஒய் என்பது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் குரோமோசோம். நாட்டுக் காளைக்கு அதன் இடுப்பு, அதாவது ஒடுங்கின இடம், ஒரு நுனியில் இருக்கும். ஜெர்சி மாதிரிச் சீமைக் காளைக்கு நடுப்பக்கமாக இருக்கும். இதில் நடுப்பக்கமாக இருக்கிறது.

எங்கள் துறைத் தலைவர் சிவராமகிருஷ்ணன் சார் ஒரு தடவைதான் பார்த்தார். "ஜெர்சிக் குப்பியை மாத்தி வெச்சுட்டே. வேறொண்ணுமில்லே."

ஒப்பிடுவதற்காக எடுத்த ஜெர்சிக் காளை ரத்தமும் அதே அலமாரியில் இருந்தது வாஸ்தவம். ஆனா மாத்தலை. நான் மாத்தலை. பேர் எழுதினது யார்? நான். ஒட்டினது? நான்தான். பின்னே எப்படி? — அழக்கூடாதுன்னு பார்த்தேன். அழுதுட்டேன். சார் ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

10-2, வியாழன்

சாரிடம் பேசவில்லை. அவரும் பேசவில்லை. நிம்மதி.

12-2, சனி

மனசு கேட்காமல் நல்லேப்பிள்ளிக்கே போனேன். வழியெல்லாம் ஓட்டு கேட்கும் ஜீப்புகள். நஞ்சப்பன் தொழுவத்தில் நின்ற காளையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்குக் குத்தியது மயிலை, சாம்பல் நிறம். இது செவலை.

"ஏனுங்க, அன்னிக்கு வேற காளையில்ல கட்டினீங்க?" என்றேன். எனக்கும் அவர்களுடைய கொங்குப் பேச்சு தொற்றிக்கொண்டது.

நஞ்சப்பன் தலையைச் சொறிந்தார். மருதாத்தாள்தான் சொன்னாள்: "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஊட்டு மாட்டு ரத்தத்தை வெளிய குடுக்கறதுங்களா அம்மிணி? அத்தன வெயில்ல வந்த புள்ளயச் சும்மா அனுப்பவும் மனசு வரலீங்க. எங்கண்ணன், சென்னிமலைன்னு பேருங்க, உழவுக்கு ஓட்டியாந்த காளை நின்னுச்சு. அவன் நாளு கெழமையெல்லாம் பாக்கமாட்டானுங்க."

எனக்குக் கோபம் வரவேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அந்தக் காளையின் தகப்பன் யார் என்று கேட்டேன். ஜெர்சிச் சினை ஊசியில் பிறந்த காளையாம். திமிலும் கொம்பும் தாய்வழி, ஒய் மட்டும் சீமை.

"ஊசிக் காளைய வெச்சுக்கிட்டா அசல் நாட்டுக் காளைன்னு இத்தன வீம்பு பேசறான் மச்சான்?" என்று நஞ்சப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மருதாத்தாள் முறைத்தாள்.

சனிக்கிழமைக்குத் தடையொன்றும் இல்லையாம். செவலை ரத்தம் வாங்கிக்கொண்டு, மோரும் குடித்துவிட்டு வந்தேன்.

16-2, புதன்

ஒய்யின் இடுப்பு நுனியில். அப்பாடா.

சார் மைக்ராஸ்கோப்பைவிட்டு வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு, "ரெண்டு படமும் அனுப்பலாம். கலப்பு எப்படி இருக்கும்னு அவாளுக்கும் தெரியட்டும்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. காப்பி வாங்கிவரச் சொன்னார், எனக்கும் சேர்த்து.

7-3, திங்கள்

எங்கள் பங்கை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எனக்கும் இன்னும் ஒரு வருஷம் வேலை. அம்மா பாயசம் வைத்தாள், காரணத்தை மட்டும் அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை.

மத்தியானம், ஏழில் ஒன்றான கோட்டயத்துக் கல்லூரியிலிருந்து டிரங்கால். வண்டிப்பெரியார் எஸ்டேட் பக்கத்தில் எடுத்த நாட்டுக் காளைக்கு ஒய் சீமையாக வருகிறதாம்.

"யாரோ குப்பியை மாத்தி—" என்று ஆரம்பித்த சார், என்னைப் பார்த்தார். போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"இருங்கோ. எங்க வாலாம்பாளை அனுப்பறேன். அவ வந்து காளைக்காரனண்ட பேசட்டும்."