நாற்காலி ஆடவில்லை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடத்தான் கை போனது. பிறகு விட்டுவிட்டேன். அது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

உங்கள் வருஷத் திதிக்கு உங்கள் தம்பி முருகேசன் சின்னதாக ஒரு நினைவுப் புத்தகம் அச்சடிக்கிறார். போன வாரம் சிலிபினிலிருந்து சைக்கிளில் வந்தார். "அண்ணி, நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாங்க. அண்ணனோட கண்ணப் பத்தி எழுதுங்க. ஈப்போவுல அந்த மாதிரி கண்ணு வேற யாருக்கு இருந்துச்சு?" என்றார். சரி என்று சொன்னேன். உங்கள் கண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்குப் பிறகு எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சைக் கடைசியில் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நான் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள். சிறுமியாக இருந்தபோதே எனக்குத் தூரப்பார்வை கிடையாது. பள்ளிக்கூடத்தில் பலகை தெரியாமல் திணறியதைப் பார்த்து அப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கண்ணாடி போட்டுவிட்டார். தோட்டத்தில் கண்ணாடி போட்ட பெண் நான் ஒருத்திதான். துரை வீட்டு விருந்தைப் படம் எடுக்க வந்த நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பெண் கேட்டீர்கள். கல்யாணத்தன்று படத்துக்கு நின்றபோது நீங்கள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அத கழட்டு." கழற்றினேன். அந்தப் படத்தில் நான் எங்கே பார்க்கிறேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எதிரே இருந்தது முழுக்க மூட்டம்.

நீங்கள் நடத்திய ஸ்டூடியோ மாடியில் வாடிக்கைக்காரர்கள் முன்னால் எனக்கு நீங்கள் வைத்த பெயர் நாலு கண்ணி. "நாலு கண்ணி, தட்டைக் கொண்டா." அவர்கள் சிரிப்பார்கள். நீங்கள் படம் பிடித்த கண்ணாடித் தட்டுகளை இருட்டறையில் கழுவி, காயவைத்து, அச்சுப்போட்டதெல்லாம் நான். அதனால் ஒன்று எனக்குத் தெரிந்தது. உங்கள் படங்கள் மங்கிக்கொண்டே வந்தன. முகம் இருக்கும், ஆனால் மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் கோடு இருக்காது. படம் வாங்க வந்தவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டால் உங்களிடம் ஒரே பதில்தான்.

"நீங்க ஆடிட்டீங்க."

ரயில்வே குமாஸ்தா ஆடினார். செட்டியார் ஆடினார். தலைக்குப் பின்னால் இரும்புப் பிடி வைத்து நிறுத்திய போலீஸ்காரர்கூட ஆடினாராம். அவர்களும் நம்பிக்கொண்டு போனார்கள். ஒன்று இரண்டு எண்ணும் நேரம் மூச்சைப் பிடித்து உட்கார வேண்டிய காலத்தில், ஆடவில்லை என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்?

எனக்குச் சந்தேகம் இருந்தது. நாற்பது தாண்டியதும் என் அப்பாவுக்கும் கிட்டத்தில் இருப்பது தெரியாமல் போனது. எழுத்தைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் படிப்பார். நீங்களும் சாப்பாட்டில் முள்ளை விரலால் தடவித்தான் எடுத்தீர்கள். அப்பா இறந்த பிறகு அவருடைய படிக்கும் கண்ணாடியைத் துடைத்து உங்கள் கேமரா பக்கத்தில் வைத்தேன்.

"கறுப்புத் துணிக்குள்ள போகும்போது மட்டும் போட்டுப் பாருங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பினீர்கள். "அந்தச் சுண்ணாம்பு மலை மேல நிக்கிற மரத்துல எத்தனை கிளைன்னு சொல்லட்டுமா? கண்ணாடி போட்ட போட்டோக்காரன்கிட்ட எவன் வருவான்?"

பிறகு அப்பாவின் கண்ணாடியை ஜன்னல் வழியாகக் கீழே போட்டீர்கள். கடைவாசல் நடையில் அது உடைந்த சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

தூரத்து மலை யாருக்கு வேண்டும்? கேமராவின் பின்பக்க மங்கிய கண்ணாடியில் தலைகீழாக விழும் படம் உங்கள் மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் அல்லவா இருந்தது?

நம் மகள் தங்கத்தை எடுத்த படத்துக்கு வருகிறேன். அவள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். சாயங்கால வெளிச்சம் நன்றாக இருந்தது. கைப்பிடி வைத்த நாற்காலியில் என்னை உட்காரவைத்து, மடியில் அவளை வைத்தீர்கள். பின்னால் பூப்போட்ட திரை. உங்கள் தம்பி குடும்பமும் வந்திருந்தது. நான் மூச்சு விடவில்லை. தங்கம் உங்களையே பார்த்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தாள். அவளுக்கு உங்கள்மேல் அத்தனை ஆசை. கறுப்புத் துணிக்குள்ளிருந்து அப்பா எப்போது வெளியே வருவார் என்று காத்திருந்தாள்.

தட்டைக் கழுவினேன். மங்கல்.

"நீ ஆட்டிட்ட," என்றீர்கள். "பிள்ளை நல்லாத்தான் இருந்துச்சு. உனக்குத்தான் ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியல."

இன்னொன்று எடுங்கள் என்று கேட்டேன். பிறகு எடுக்கலாம் என்றீர்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. பிறகு அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அதோடு எல்லாம் முடிந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் பிள்ளை படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னீர்கள்: "ஒண்ணு இருக்கு. அதையும் இவ ஆட்டிட்டா."

அந்த வீட்டில் அன்றைக்கு அதைச் சொல்லத்தான் வேண்டுமா?

அதற்குப் பிறகு பல வருஷம் என் கைகளைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. அவளைப் பிடித்திருந்தது இந்தக் கை. இது அசையாமல் இருந்திருந்தால் அவள் முகமாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்து நினைத்தே சோறு பிசைந்தேன், தட்டு கழுவினேன், உங்கள் சட்டையைத் துவைத்தேன். நீங்கள் ஒரு நாளும், 'போகட்டும், விடு' என்றுகூடச் சொல்லவில்லை.

தங்கம் போன சில மாதத்தில் உங்கள் படங்கள் திடீரென்று தெளிந்தன. கண்ணிமை மயிர்கூட விழுந்தது. எனக்கு ஆச்சரியம். கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், "இப்பல்லாம் சனங்க ஆடாம உக்காரக் கத்துக்கிட்டாங்க."

நானும் நம்பினேன். இப்போது அதை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

போன வருஷம் மாடிப்படியில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்ததும் முருகேசன் ஸ்டூடியோவை மூடிவிடலாம் என்றார். "பொம்பள போட்டோ எடுத்தா யாரு வருவாங்க அண்ணி? அதுவும் கண்ணாடி வேற." உங்கள் வாயிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. மூட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் பெரிய கேமராவைத்தான் முதலில் எடுத்தேன். கறுப்புத் துணிக்குள் கண்ணாடியோடு போனால் என் மூச்சிலேயே கண்ணாடி வேர்த்துவிடும். கழற்றிவிட்டு மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தால் படம் தெரியும்; துணியை விட்டு வெளியே வந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் தெரியமாட்டார். போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, அதற்குள் பிள்ளைகள் இறங்கி ஓடிவிடும்.

கேமரா விற்கும் சீனர் கடைக்குப் போனேன். கடை முதலாளியான அந்தத் தவுக்கேயும் கண்ணாடிக்காரர்தான். நான் வந்த காரியத்தைக் கேட்டதும் சிரிக்கவில்லை. மூன்று கேமராவை எடுத்து மேசையில் வைத்தார்.

முதலாவது வெறும் பெட்டி. தூரம் எதுவும் திருப்பிவைக்க வேண்டாம், பொத்தானை அமுக்கினால் போதும். "கிட்டக்க முகம் எடுக்கணும்," என்றேன். "அப்ப இது தக் போலே, ஆகாது அம்மா. கிட்டக்க வந்தா மங்கும்," என்று அவரே தள்ளிவைத்தார்.

இரண்டாவதில் மேலே தோலால் ஆன புகைபோக்கி மாதிரி ஒன்று எழுந்து நின்றது. அதற்குள் குனிந்து பார்த்தால் எதிரே இருப்பது தலை நேராகவே தெரியும். ஆசையாகக் குனிந்தேன். கண்ணாடிச் சட்டம் விளிம்பில் முட்டியது. இரண்டு பக்கத்திலும் வெளிச்சம் புகுந்து படத்தை வெளுக்க வைத்தது. கழற்றிப் பார்த்தேன். புகைபோக்கி நீளம், என் கண்ணுக்கு அடியில் இருப்பது எட்டவில்லை. தவுக்கே தன் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "எனக்கும் இதே கதைதான் லா."

மூன்றாவது, மடித்தால் கோட்டுப் பையில் போகிற பிலிம் கேமரா. திறந்தால் துருத்தி வெளியே வரும். லென்ஸுக்குக் கீழே அடிக்கணக்கு எழுதியிருக்கும். எதிரே இருப்பவர் எத்தனை அடியில் இருக்கிறாரோ அங்கே முள்ளை நகர்த்த வேண்டும். மேலே நகத்தளவு கண்ணாடி ஒன்று, கேமராவை இடுப்பளவில் பிடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே அதில் பார்க்கலாம்.

"தெளிவா இருக்கான்னு கண்ணால பாக்க வேணாமா?"

"கண்ணு எதுக்கு? அளந்து வை. கண்ணு பொய் சொல்லும் அம்மா, அடிக்கோல் பொய் சொல்லாது."

அதைத்தான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் இருந்திருந்தால், துணிக்கடைக்காரி மாதிரி அளந்து படம் எடுக்கிறாளாம் என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பீர்கள்.

தையல்காரர் நாடா ஒன்றை வைத்துக்கொண்டு வெறும் நாற்காலியைப் படம் எடுத்துப் பழகினேன். ஒரு தடவை கவனமில்லாமல் நாடாவை நாற்காலிவரைக்கும் பிடிக்காமல் பின்னால் இருந்த திரைவரைக்கும் பிடித்துவிட்டேன். அந்தப் படத்தைக் கழுவி வெளிச்சத்தில் பார்த்தபோது திரையில் ஒவ்வொரு பூவும் நரம்போடு தெரிந்தது. முன்னால் நாற்காலி மட்டும் பனி மூடியது போல் மங்கியிருந்தது.

எங்கேயோ பார்த்த படம் இது என்று தோன்றியது.

சுவரிலிருந்து தங்கத்தின் படத்தைக் கழற்றினேன். இத்தனை வருஷம் அதில் அவள் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன், அதுவும் அழுகையோடு. அன்றைக்குத்தான் மற்றதைப் பார்த்தேன். திரைப்பூக்கள் கூர்மையாக இருந்தன. என் முகம் மங்கல், அவள் முகம் மங்கல். நாற்காலியின் கைப்பிடியும் அதே அளவு மங்கல். அதில் செதுக்கிய வேலைப்பாடு ஒன்றும் தெரியவில்லை.

நான் ஆடினேன் என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளையும் ஆடியிருக்கலாம். தேக்கு மரத்தில் செய்த கனத்த நாற்காலி ஆடுமா? ஆடவில்லை. யாருமே ஆடவில்லை. நீங்கள் லென்ஸை எங்கள் தூரத்துக்கு வைக்காமல் திரையின் தூரத்துக்கு வைத்துவிட்டீர்கள். உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அன்றைக்குக்கூட உங்கள்மேல் எனக்கு முழுக் கோபம் இல்லை. தெரியாமல் செய்தார், தெரியாமலே போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. போன வாரம் முருகேசன் வந்து உங்கள் கண்ணைப் பற்றி எழுதச் சொன்ன பிறகுதான் அவரை உள்ளே கூப்பிட்டு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நாற்காலியைத் தொட்டுக் காட்டினேன்.

படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "அண்ணனுக்கும் தெரியும் அண்ணி," என்றார்.

"என்ன தெரியும்?"

"பாப்பா போனப்புறம் அந்தப் படத்தப் பெருசாக்கிப் பாக்கணும்னு ஒரு நாள் தனியா உக்காந்து பூதக்கண்ணாடி வச்சுப் பாத்திருக்காரு. நாற்காலியப் பாத்துட்டாரு. மறுநாளே என்னைக் கூட்டிக்கிட்டு ரயிலேறி காம்பாருக்குப் போனாரு. இங்க வாங்குனா ஆளுங்களுக்குத் தெரிஞ்சிடும்னு அங்க போய்க் கண்ணாடி வாங்குனாரு. துணிக்குள்ள போனப்புறம்தான் போட்டுக்குவாரு. வெளிய வர்றதுக்குள்ள கழட்டிப் பைக்குள்ள வச்சிக்குவாரு."

"அது எங்க?"

"அவரு போன அன்னைக்கு நான்தான் எடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பவே சத்தியம் வாங்கியிருந்தாரு." தலையைக் குனிந்துகொண்டார். "வீட்டுல இருக்கு. கொண்டாந்து தரவா?"

வேண்டாம் என்றேன்.

கேட்கிறேன், பதில் வராது என்று தெரிந்தே கேட்கிறேன். காம்பாரிலிருந்து திரும்பிய சாயங்காலம் நான் உங்களுக்குச் சோறு போட்டேனே, அப்போது சொல்லியிருக்கலாமே? எல்லார் முன்னாலும் வேண்டாம், என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். 'நீ ஆட்டல' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குப் பிறகும் எத்தனையோ இரவு நான் அழுததைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தானே படுத்திருந்தீர்கள்?

பார்வை குறைந்ததை மன்னிக்கலாம். அது யாருக்கும் வரும். தெரிந்த பிறகும் என் கையில் அந்தப் பழியை விட்டுவைத்தீர்களே, அதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை. வரும் என்றும் சொல்ல மாட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களுக்குப் போகிறேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் வெளிச்சம் தாராளமாக இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றாமலே படம் எடுக்கிறேன். போன மாதம் ஜெலாப்பாங் தாண்டி ஒரு தோட்டத்தில், பால்மரம் சீவும் பெண் ஒருத்தி கைப்பிள்ளையோடு நின்றாள். பிள்ளை நிஜமாகவே துள்ளிவிட்டது. அவள் முகம் சுருங்கிப்போனது. "நான்தான் ஆட்டிட்டேனா அக்கா? கெட்டுப்போச்சா?"

"பிள்ளைன்னா ஆடத்தானே செய்யும்மா. பிலிம் இருக்கு, இன்னொண்ணு எடுப்போம்," என்றேன். எடுத்தேன். அதில் பிள்ளையின் ஒற்றைப் பல் தெரிகிறது.

முருகேசன் இந்தப் பக்கத்தை அச்சடிக்கப் பயப்படுகிறார். "நாலு பேரு படிப்பாங்க அண்ணி." படிக்கட்டும் என்றேன். நாலு பேர் முன்னால்தானே என்மேல் பழி போட்டீர்கள்?

திதியை ஒரு குறையும் இல்லாமல் செய்வேன். உங்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைப்பேன். அது என் கடமை, அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். போனவர்கள் எல்லாம் ஓரிடத்தில் சேர்கிறார்கள் என்பது உண்மையானால் தங்கம் இப்போது உங்களிடம்தான் இருப்பாள். அவளை மடியில் வைத்து, அம்மா ஆட்டவில்லை என்று நீங்களே உங்கள் வாயால் அவளிடம் சொல்லிவிடுங்கள். என்றைக்காவது நானும் அங்கே வருவேன். வந்ததும் உங்களிடம் பேச மாட்டேன். முதலில் அவளைத் தூக்கி, அப்பா சொன்னாரா என்று கேட்பேன். இல்லை என்று அவள் தலையாட்டினால் அங்கேயும் உங்களை விடப்போவதில்லை. இது சத்தியம்.

இப்படிக்கு,
தங்கத்தைப் பெற்றவள், உங்களுக்கு வாழ்க்கைப்பட்டவள்,
அலமேலு
ஈப்போ