கை வைத்துப் பார்

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலம் என்று தெரியும். ஏதாவது வேண்டியிருந்தால்தானே உனக்குக் கடிதம் எழுதவே தோன்றும். சுரங்க முகாமில் போன் எடுக்காது, வாரத்துக்கு ஒரு லாரிதான் வரும், எல்லாம் சரி. பேனாவுமா எடுக்காது?

இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். எருமைக்குத்தான் உடம்பு சரியில்லை. நீ எங்களிடம் விட்டுப்போன பிக்கப் வண்டிக்கு இப்போது அதுதான் பெயர். காலையில் கிளம்புவதற்குள் இருமி இருமித் தெருவையே எழுப்பிவிடுகிறது. சும்மா நிற்கும்போதே உடம்பெல்லாம் உதறல், மேடு ஏறினால் கறுப்புப் புகை. நேற்று அந்தப் புகை பின்னால் மடங்கி, துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த லாட்ஜ் படுக்கை விரிப்புகள் மேல் படிந்துவிட்டது. அத்தனையையும் மறுபடி துவைத்தேன். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தபோது லாட்ஜ் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆளைப் பாத்துக்கறேம்மா" என்றார். கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அந்த லாட்ஜ் கைவிட்டுப் போனால் சலவைக் கடையை மூட வேண்டியதுதான்.

மூலை ஒர்க்‌ஷாப்காரர் இன்ஜெக்டர் நாலும் அடைத்துவிட்டது, நாலையும் புதிதாக மாற்ற வேண்டும் என்கிறார். எருமையை விற்றாலும் அந்தச் செலவுக்குக் கட்டாது. சிக்கனமாக ஏதாவது வழி சொல், நானே செய்துகொள்கிறேன். சின்ன வயதில் நீ வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தபோது ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான்தான், மறந்துவிடாதே. மாமா டார்ச் பிடிப்பார். அதற்கு மேல் அவரை நம்ப முடியாது.

உன் அக்கா


ஜூன் 11

அன்பு அக்காவுக்கு,

உன் கரிமூஞ்சித் தம்பி எழுதுவது. திட்டு வந்து சேர்ந்தது. பேனா இருக்கிறது, வேலை முடிந்து வந்தால் எழுத உடம்பு வருவதில்லை.

நாலும் ஒரே சமயத்தில் கெடுவது அபூர்வம், அதனால் ஒர்க்‌ஷாப்காரர் பேச்சைக் கேட்காதே. இன்ஜெக்டர் என்பது டீசலை இன்ஜினுக்குள் பனி மாதிரி பீச்சுகிற குழல், அவ்வளவுதான். அதன் வாயில் கரி அடைத்தால் பீச்சாமல் சொட்டும். உதறலும் புகையும் அதனால்தான். எருமை பழைய வண்டி, கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவும் கிடையாது. நீயே செய்யலாம்.

முதலில் டீசல் பில்டரை மாற்று. இன்ஜெக்டர் கழுவும் மருந்து ஒரு பாட்டில் வாங்கி டாங்கில் ஊற்றி, இரண்டு மூன்று நாள் நீண்ட ரோட்டில் ஓட்டு. பாதி வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால், இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டருக்குப் போகிற பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்து. எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் திருடன். அதை மட்டும் கழற்றி, வாயை அதே மருந்தில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய். இரும்பு பிரஷ் ஆகாது.

பிறகு அதை வெளியே வைத்தபடியே பைப்பில் மாட்டி, மாமாவை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல். புகை மாதிரி பீச்சினால் பிழைத்தது, சொட்டினால் மறுபடி ஊறவை. பதற்றம் வேண்டாம், நிதானமாகக் கை வைத்துப் பார்.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி


ஜூன் 20

அன்புள்ள கரிமூஞ்சிக்கு,

இனி என்னை மெக்கானிக் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். எருமை பிழைத்துவிட்டது.

உன் கடிதம் வந்த அன்றே பில்டரை மாற்றி மருந்தை ஊற்றிவிட்டேன். உதறல் குறைந்தது, நிற்கவில்லை. அதனால் இன்று காலை கடையைத் திறக்காமல் வண்டியோடு உட்கார்ந்தேன். திருடன் மூன்றாவது ஆள். கழற்றிப் பார்த்தால் அடுப்படிப் புகைக்கூண்டு மாதிரி வாயெல்லாம் கரி. ஊறவைத்துத் தேய்த்து, நீ சொன்னபடி வெளியே வைத்து மாட்டி, மாமாவை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னேன். பீச்சினது, ஆனால் எனக்கு நன்றாகத் தெரியவில்லை. டார்ச் பிடிக்கிறவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார் அல்லவா. நீதான் கை வைத்துப் பார் என்று எழுதியிருந்தாயே, விரலை அதன் வாய்க்கு எதிரே வைத்துப் பார்த்தேன். சுருக்கென்று பட்டது. நல்ல வேகம். சரி, அடைப்பு போய்விட்டது என்று எடுத்து மாட்டிவிட்டேன்.

வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. ரத்தமும் இல்லை, வலியும் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்த விரல் மட்டும் கொஞ்சம் மரத்தாற்போல் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி பிடித்துப் பிடித்து மரத்த கைதானே, அதற்கு என்ன புதிதாக.

மத்தியானம் லாட்ஜுக்கு நேரத்துக்கு முன்பே போய் நின்றேன். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்று சிரித்தது நான்.

உன் மெக்கானிக் அக்கா


ஜூன் 21

அன்பு அக்காவுக்கு,

என் போன கடிதம் இந்நேரம் வந்திருக்கும். நீ வேலையைத் தொடங்கியிருக்கக் கூடாதே என்று இருக்கிறது.

இங்கே பம்ப் ஆபரேட்டர் ஒருவர் இடது கையால்தான் சாப்பிடுவார். பழக்கம் என்று நினைத்திருந்தேன். இன்று பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அவர் வலது கையில் கட்டை விரலைத் தவிர எதுவும் இல்லை என்று பார்த்தேன். கேட்டேன். "டீசல் பீச்சிடுச்சு. ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான். வலிக்கவே இல்லை, அதான் விட்டுட்டேன்" என்றார். இது எனக்குத் தெரியாததா? தொழில் பழகிய முதல் வாரமே முதலாளி தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. ஹாரன் சத்தத்தில் உனக்கு எழுத விட்டுப்போய்விட்டது.

பீச்சுகிற வாய்க்கு முன்னால் கையைக் கொண்டுபோகாதே. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு சின்னப் புள்ளி பட்டிருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. டீசல் உள்ளே போயிருக்கிறது, கீறி எடுங்கள் என்று சொல். இந்த வார்த்தையை விட்டுவிடாதே.

நீ இன்னும் பில்டர் மாற்றுகிற கட்டத்தில்தான் இருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

தம்பி


ஜூன் 23

அன்புள்ள தம்பிக்கு,

எழுத்து கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள். அந்த விரல் வீங்கியிருக்கிறது, பேனா நிற்க மாட்டேன் என்கிறது. தெருமுனை கம்பவுண்டர் நகச்சுத்து என்று களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். எதில் அடிபட்டது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சலவைக்காரிக்கு நகச்சுத்து வராமல் யாருக்கு வரும்?

ராத்திரி தூக்கம் இல்லை. கை உள்ளே கொதிக்கிற மாதிரி இருக்கிறது. மாமா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறார். நாளைக்கு லாட்ஜுக்கு விரிப்பு கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். விரலில் கறுப்பாக ஏதோ ஏறியிருக்கிறது. கிரீஸ் என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை.

எருமைக்கு ஒரு குறையும் இல்லை.

உன் அக்கா


ஜூன் 29

அக்கா,

ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் மூழ்கி, போன வாரம் லாரியே வரவில்லை. இன்றுதான் வந்தது. உன் இருபதாம் தேதிக் கடிதத்தைக் கொண்டுவந்தது. இருபத்தொன்றாம் தேதி நான் எழுதியது இன்னும் இங்கேயே தபால் பையில் கிடக்கிறது. பையைப் பார்த்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தேன்.

அக்கா, ஒர்க்‌ஷாப்பில் கை வைப்பது என்றால் வேலையில் இறங்குவது. வண்டியில் கை வைத்தாயா என்று முதலாளி தினமும் கேட்பார். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். உன் கையை வைக்கச் சொல்லவில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. டீசல் என்று சொல்.

ஆபீஸ் வயர்லெஸ் மழையில் செத்துக் கிடக்கிறது. இதை டிரைவர் கையில் கொடுக்கிறேன், போன் எடுக்கிற முதல் இடத்தில் நின்று உனக்கு முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். நானே ஏறியிருப்பேன். மாற்று ஆள் வருவதற்குள் கிளம்பினால் வேலை போய்விடும் என்கிறார் சூப்பர்வைசர். அடுத்த லாரியில் கட்டாயம் வருகிறேன்.

நான் எழுதிய ஒரு வார்த்தையாலா இதெல்லாம்? என் மேல் கோபமா?

தம்பி


ஜூலை 4, திங்கள்

தம்பிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை. மாமாவை எழுதச் சொல்லலாம். அவர் நல்லதனமாக மாற்றி எழுதிவிடுவார்.

டிரைவர் போன் பண்ணினார். மாமா ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று கேட்டார். அதற்குள் காய்ச்சலில் என்னை இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். டிரைவர் நீ எழுதியது அத்தனையும் வாசித்தாராம், நடுவில் அழுதாராம். யாரோ ஒரு மனிதர். டீசல் என்று மாமா ஓடிப்போய்ச் சொன்னதும் டாக்டர், "இதை முதல் நாளே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

இரண்டு விரல் போய்விட்டது. உள்ளங்கைக்குள் இன்னும் பரவுகிறதாம். மணிக்கட்டோடு எடுக்க வேண்டுமா என்று வெள்ளிக்கிழமை சொல்வார்கள்.

கோபமா என்று கேட்டாய். அந்த வார்த்தைக்கு இல்லை. நீ கை வை என்றாய், நான் வைத்தேன். நீ மெக்கானிக், நான் சலவைக்காரி. சூட்டையும் ஈரத்தையும் கை வைத்துத்தான் பார்ப்பேன், வேறு எப்படிப் பார்ப்பேன்?

கோபம் லாரிக்கு. உன் வாசலில் வந்து நின்றிருக்கிறது. நீ கடிதத்தை ஏற்றினாய், நீ ஏறவில்லை. வலியில் அதையேதான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

லாட்ஜ் மேனேஜர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். மாமாவிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். எருமை வாசலில் நிற்கிறது. உதறல் இல்லை, புகை இல்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை தாண்டியிருக்கும்.

அக்கா