ஆடுகள் மிதித்த பள்ளம்

தெரெக்-புலாக்,
அக்டோபர் கடைசி.

என் அன்புள்ள தாலாய்க்கு,

சைகல் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்கள் வெளிநாட்டு வேலையிலிருந்து ரயிலில் நல்லபடியாக வந்து இறங்கியிருப்பீர்கள். உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கியிருக்கும், முகம் உம்மென்று இருக்கும்.

கூட்டத்தில் என்னைத் தேடாதீர்கள். நான் வரவில்லை. உங்கள் தங்கை ஜிபெக் கையில் ரொட்டியோடு நின்றிருப்பாள், இந்தக் கடிதத்தையும் அவள்தான் கொடுத்திருப்பாள். அவள்மேல் எரிந்து விழாதீர்கள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கிற ஆளா? பெட்டிமேல் உட்கார்ந்தே படிப்பீர்கள். சரி, படியுங்கள்.

போனில் கடைசியாக நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. ‘இந்த வாட்டியும் உனக்கு வேலைதான்னா நான் எதுக்கு வரணும் சைகல்? அங்கயே இருந்துடறேன், குளிரு பழகிப்போச்சு’ என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியாதா? ரயிலடிக்கு வருவேன், ஊரே பார்க்கக் கட்டிப்பிடிப்பேன் என்று சத்தியம் செய்தேன். அதை மீறித்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

உங்கள் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார். ‘கட்டி முடிச்சாச்சுல்ல, இனி என்னத்தம்மா அளக்குற? பொறந்த பிள்ளைக்கு மறுபடி பிரசவம் பாக்குற மாதிரில்ல இருக்கு!’ அவருக்கு எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. இந்த ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டார்கள். படத்தில் அது நேர்கோடு. மண்ணில் அது நேர்கோடா? வழியில் பாறை வந்தது, வளைத்தார்கள். பழைய இடுகாடு வந்தது, தோண்டுகிற வண்டிக்காரர் நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டுவிட்டு இன்னும் கீழே தள்ளி வளைத்தார். யார்தான் அங்கே தோண்டுவார்கள்? நான்தான் கடைசியில் வந்து, குழாய் உண்மையில் எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பள்ளம் திறந்திருக்கும்போதே அளந்து, புதுப்படம் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மண்ணை மூட வேண்டும்.

மேல்பாதியை அளந்துவிட்டேன். கீழ்ப்பாதி மட்டும் பாக்கி. ஒரே ஒரு வேலைநாள், அவ்வளவுதான். போன வாரம் ஒருநாள் காலையில் மலைமேல் இருக்கிற தண்ணீர்த் தொட்டியை அளக்கப் போயிருந்தேன். சாயங்காலம் இறங்கி வந்து பார்த்தால், பள்ளத்தைக் காணோம்!

என்ன நடந்தது தெரியுமா? ரொட்டி வாங்கப் போன இடத்தில், இந்த ஊர்ப் பெரியவர் ஆலிம்குலின் மனைவி சாய்ராவிடம் நீங்கள் வரப்போகிறீர்கள் என்று வாய்விட்டிருந்தேன். சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன், அதற்குக் கூடவா தண்டனை? அவள் கணவரிடம் சொல்ல, அவர் ஊரைக் கூட்டிவிட்டார். அஷார், ஊரே கூடிச் செய்கிற இலவச வேலை, என்று யாராவது குரல் கொடுத்தால் இங்கே ஓர் ஆண்பிள்ளை வீட்டில் இருக்கமாட்டான். ‘பொண்ணு புருஷனப் பாக்காமத் தவிக்குது, நாமளே மூடிக் குடுத்துருவோம்’ என்று மண்வெட்டியோடு வந்து மொத்தத்தையும் மூடிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? மேய்ச்சலிலிருந்து இறங்கிவந்த ஆட்டு மந்தையை அதன்மேல் இரண்டு தரம் ஓட்டி, மண்ணை இறுக்கி, தரையை மைதானம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். குழாய் பிளாஸ்டிக், எந்தக் கருவிக்கும் அகப்படாது. கிடா வெட்டி, விருந்தில் மதிப்புள்ள மூத்த பெண்ணுக்கு வைக்கிற வால்பக்கத்து எலும்பை எனக்கு வைத்தார்கள். நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து இன்னொரு துண்டு வைத்தார்கள்.

மறுநாள் தோக்தோசுன் அண்ணனுக்குப் போன் செய்தேன். எங்கள் தலைமை இன்ஜினியர், உங்களுக்குத் தெரியுமே. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, ‘பழைய படத்துல இருக்குற கோட்டையே போட்டுக் கையெழுத்த வச்சிட்டுக் கிளம்பு. மண்ணுக்குள்ள எவன் எட்டிப் பாக்கப்போறான்? நீ போடலேன்னா வேற ஆள வச்சுப் போட்டுக்கறேன்’ என்றார்.

நான் யோசிக்கவே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கையெழுத்துப் போட்டிருந்தால் இப்போது உங்கள் முன்னால் நின்றிருப்பேன். ஆனால் பக்கத்து ஊரில் போன குளிர்காலத்தில் என்ன ஆனது? குழாய் வெடித்தது. படத்தைப் பார்த்து, பழைய டயரை எரித்து, பாறையாய் உறைந்த மண்ணை இளக்கித் தோண்டினார்கள். குழாய் அங்கே இல்லை. இன்னொரு இடம், அங்கேயும் இல்லை. பனி உருகும்வரை பெண்கள் ஆற்றுப்பனியை உடைத்துத் தண்ணீர் சுமந்தார்கள். சாய்ராவின் அக்கா அதில்தான் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தார், இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கோட்டை யாரோ நம்மை மாதிரி வீட்டுக்குப் போகிற அவசரத்தில்தான் போட்டிருப்பார்கள். இங்கே நான் நேர்கோடு போட்டால் அது இடுகாட்டுக்குள் போகும். நாளைக்கு எவனோ அதை நம்பி இவர்களுடைய அப்பன் தாத்தா தலைமாட்டிலேயே தோண்டுவான். என்னால் முடியவில்லை தாலாய்.

ஆலிம்குல் அண்ணனிடம் போய், வளைவுகளில் மட்டும் மறுபடி திறக்க வேண்டும் என்று மெல்லச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. ‘நாங்க செஞ்ச வேலை சரியில்லேங்கிறியா, தங்கச்சி?’ என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. சாய்ரா மட்டும் ரொட்டி அனுப்புகிறாள். ‘அவரு கோவம் மொதப் பனி விழுற வரைக்குந்தான்’ என்று சொல்லியனுப்பினாள். முதல் பனி விழுந்தால் மண் இறுகிவிடும், அப்புறம் அவர் கோபம் தணிந்து எனக்கென்ன லாபம்?

அதனால் நானே தோண்டுகிறேன். கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், சமையல்காரி போய்விட்டாள், ஜெனரேட்டரையும் எடுத்துப்போய்விட்டார்கள். நாங்கள் தங்கியிருந்த தகரக் கூண்டில் நான் மட்டும். விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல எனக்கு நானே அரைக்கிண்ணம் அரைக்கிண்ணமாக டீ ஊற்றிக்கொள்கிறேன். மறுபடி ஊற்ற ஒரு ஆள் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. பைத்தியக்காரி என்று சிரியுங்கள், பரவாயில்லை. நேற்று முதல் குழியில், கழுத்தளவு ஆழத்தில், குழாயின் நீலக்கோடு தெரிந்தது. மண்ணில் உட்கார்ந்து, ‘கிடைச்சிடுச்சு!’ என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

பயமாக இருக்கிறது. குழியைப் பற்றி இல்லை. போனதரம் நீங்கள் வந்தபோது நிறையத் தூங்கினீர்கள், ஒழுகின குழாயைச் சரிசெய்தீர்கள், போய்விட்டீர்கள். நாம் என்ன பேசினோம் என்று நினைத்துப் பார்த்தால் ஒன்றும் அகப்படவில்லை. இப்போது போனிலும் ‘சாப்பிட்டியா, குளிரா, சரி வச்சிடறேன்’ அவ்வளவுதான். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் அதேதான் பேசுகிறேன். இன்னொரு தரம் இப்படிப் போனால் நாம் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவோம், விசேஷத்துக்கு மட்டும் பார்த்துக்கொள்கிற உறவுக்காரர்கள்.

வீட்டுச் சாவி ஜிபெக்கிடம் இருக்கிறது. உங்கள் கனமான கோட்டு அலமாரியில் மேல்தட்டில். அடுப்பு கொஞ்சம் மக்கர் செய்யும், இரண்டு தரம் திருப்புங்கள்.

இன்னொன்று. ரயிலடிக்கு வெளியே ஒரு நீல லாரி நிற்கும். ஓட்டுநர் பெயர் இஷென், இந்த ஊர் உருளைக்கிழங்கைச் சந்தையில் இறக்கிவிட்டு இங்கே திரும்புகிறவர். அவர் பக்கத்து இருக்கையை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். சாயங்காலத் தொழுகை வரை காத்திருப்பார். பதில் ஒன்றும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஏன் வரவில்லை என்று காரணம் படிக்கிற தெம்பு எனக்கு இல்லை. லாரி வளைவில் திரும்பும்போது உள்ளே எத்தனை தலை என்று குழியிலிருந்தே பார்த்துக்கொள்வேன்.

நீங்கள் எந்தத் திசைக்குப் போனாலும் நம் பெரியவர்கள் வாழ்த்துகிற மாதிரி உங்கள் வழி வெள்ளையாக, தடையில்லாமல் இருக்கட்டும், கடவுள் கூடவே வரட்டும். மனசாரத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஏறிவிடுங்கள், தாலாய். கோபத்தோடவே ஏறிவிடுங்கள்.

உங்கள்
சைகல்