அவள் காதுக்கு எட்டுவது நீ மட்டும்தான், சவரி

என் அன்புத் தம்பி சவரிக்கு,

முதலில் என் எழுத்தை மன்னித்துவிடு. கோணலும் மாணலுமாக இருக்கிறது. 'ழ' எழுதினால் வால் இறங்கி அடுத்த வரியை மிதிக்கிறது. 'ண'வுக்கு எத்தனை சுழி என்று ஒவ்வொரு தடவையும் நிறுத்திப் பார்த்துக்கொள்கிறேன். பைக் ரிப்பேர் செய்து ஸ்பானர் பிடித்தே பழகிய கைக்குப் பேனா ரொம்ப மெலிசு. ஒரு வரி முடிவதற்குள் காபி ஆறிப்போகிறது.

ஆனால் பார், நான் எழுதுகிறேன்! பள்ளிக்கூட வாசலை மிதிக்காத உன் பழனி அண்ணன், காரைக்காலை விட்டு வந்து சைகோனிலேயே கிழவனாகிப்போனவன், தமிழில் கடிதம் எழுதுகிறேன். உனக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அங்கே படித்தவர்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்திருப்பார்கள். யாரையாவது பிடித்துச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல். திட்டு வருகிற இடத்தில் கூச்சப்பட்டு நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லிவிடு.

ஆமாம், திட்டத்தான் எழுதுகிறேன். உன் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுகிற கிழவனை நீ பார்த்திருக்கிறாயா?

விஷயத்தைச் சொல்கிறேன். உன் அண்ணிக்குக் காது போய்விட்டது. நீ போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தது. முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு போன் மணி. தெரேஸ் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. ஒரு சாயங்காலம் வழக்கம்போல் கூடத்தில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படியிலிருந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டாள்:

"என்னங்க, இன்னைக்கு வாசிக்கலையா?"

வாசித்துக்கொண்டிருந்தேன் சவரி. விரல் கம்பியின் மேல் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மெல்லிய சத்தம் முதலில் போகும், கனத்த சத்தம் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும் என்றார் டாக்டர். காதில் வைக்கிற மெஷின் வாங்கிக் கொடுத்தேன். விசிலடிக்கிறது என்று கழற்றி ஜெபமாலை டப்பாவில் போட்டுவிட்டாள். என் குரலோ உனக்குத் தெரியும், புல்லாங்குழல் மாதிரி என்று நீயே கேலி செய்வாய். கத்தினால் இன்னும் கீச்சென்று ஆகிறது. அவளுக்கு என் உதடு அசைவது தெரியும், அவ்வளவுதான். அப்புறம்தான் யோசித்தேன்: கன்னியாஸ்திரிகளிடம் படித்த பெண், தமிழ் சரளமாகப் படிப்பாள். எழுதிக் காட்டினால் பேச்சு நடக்கும். எழுதத் தெரியாதவன் நான்தான்.

மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், த்ருவோங் டின் தெருவில், ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறது. இங்கே வேலைக்கு வந்திருக்கிற இன்ஜினியர்களின் பிள்ளைகளுக்கு. நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நான் தெரேஸுக்கு எழுதிக் காட்டிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'பசி'. படித்துவிட்டு அப்படிச் சிரித்தாள். "இதுக்கா இத்தனை பாடு? மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே!" அன்று இட்லி எனக்கு இரண்டு கூடவே விழுந்தது.

இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பிறகு நீ வந்து சேர்ந்தாய்.

எனக்கு எழுத்துச் சொல்லித் தருகிற பெண் பெயர் கவிதா. கோயம்புத்தூர்க்காரி. ஊர் ஓரத்துத் தூ டுக்கில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். வேலை நேரம் போக ஆபீஸ் கூட்டாளிகளோடு சேர்ந்து வாசிக்கிறாள். என்ன வாசிக்கிறாள் கேள்: பேஸ் கிட்டார்! பாட்டுக்கு அடியில் கனமாக முழங்குகிற உன் வாத்தியம்! நாம் வாசித்துப் பதிந்த பழைய கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறே இடுப்பளவு ஸ்பீக்கர் ஒன்றைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

நம் ஏழு எண்ணிக்கைப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? நாலு நாலாக எண்ணாமல் ஏழு ஏழாக எண்ணி, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடுமே, அதைத்தான் போட்டாள். ஆரம்பத்தில் நீ தனியாக வருவாய். வந்தாய். தரை அதிர்ந்தது. அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த தெரேஸ் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"சவரி தம்பி வந்திருக்காரா?"

கவிதா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

தெரேஸ் நேராகப் போய்த் தரையில் உட்கார்ந்து கன்னத்தை ஸ்பீக்கரில் சாய்த்துக்கொண்டாள். மாரியம்மன் கோயிலின் பின்சுவரில் வியட்நாம் பெண்கள் முகத்தை வைத்து வேண்டிக்கொள்வார்களே, அதே மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டின் நடுவில் என் கிட்டார் வரும், மேலே மேலே ஏறி உச்சியில் நிற்கும், அந்த இடத்துக்காகவே நான் பிறந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த இடம் வந்ததும் அவள் தோளைத் தட்டி என் மார்பைக் காட்டினேன். காற்றில் கிட்டார் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டாள்.

"நீங்க எங்க இதுல? சவரி தம்பி மட்டும்தான் இருக்காரு."

இப்போது சொல், எனக்குப் பொறாமை வருமா வராதா?

கவிதாவாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தேன். "தாத்தா, யாருங்க இவரு?" என்று அவளும் உன்னையே பிடித்துக்கொண்டாள். "டிரம்ஸ் ஒரு பக்கம் போகுது, உங்க கிட்டார் இன்னொரு பக்கம் போகுது. இவரு ரெண்டு பேரையும் கையப் பிடிச்சு ரோட்டத் தாண்ட வெக்கிறாருங்க." இந்த ஊரில் ரோட்டைத் தாண்டுவது எப்படி என்று உனக்குத் தெரியும். நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, ஒரே நடையாகப் போய்க்கொண்டே இருந்தால் பைக்குகள் தானாக விலகிப் போகும். சரியாகத்தான் சொன்னாள் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டேன். "என் கிட்டார் எப்படிம்மா?" என்று கேட்டேன். "நல்லா இருக்குங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடியும் உன்னைக் கேட்டாள்.

எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டாள். அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்கர்கள் போன பிறகு நடைபாதையில் இசைத்தட்டுகள் குவிந்து கிடந்ததைச் சொன்னேன். நீ பொறுக்கியெடுத்த தட்டுகளில் பாட்டெல்லாம் நீளம் நீளமாக இருந்தன. பாதியில் தாளம் மாறும், நடுவில் கதவு திறக்கிற சத்தம் வரும், பாடுகிறவன் பத்து நிமிஷம் காணாமல் போவான். நான் கிட்டாரைக் கேட்டேன். நீ அடியில் போகிறவனை மட்டும் கேட்டாய். உறையில் இருக்கிற இங்கிலீஷ் பெயர் நம் இருவருக்கும் படிக்கத் தெரியாது. நீயே பெயர் வைத்தாய். ஒருவன் கம்பியை இரும்புக் குழாயில் அடிப்பது போல் அடிப்பான், பாட்டுக்குள் இன்னொரு பாட்டாகச் சண்டை போடுவான். அவன் கொல்லன். இன்னொருவன் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டே போவான், எங்கே விட்டான் எங்கே தொட்டான் என்று தெரியாது. அவன் நீச்சல்காரன். மூன்றாமவன், சுற்றிலும் எல்லாரும் பேய் பிடித்தது போல் இரைச்சல் போடும்போது, நாலே நாலு சுரத்தைத் தட்டு முடிகிற வரைக்கும் திருப்பித் திருப்பி வாசிப்பான். எனக்கு அலுத்துவிடும். "தூக்கம் வருதுடா" என்பேன். நீ சொல்வாய், "அவன் தூணுண்ணே. அவன் கொஞ்சம் நகர்ந்தா வீடே விழுந்துடும், பாரு."

நான் வாயால் முனகிக் காட்டியதும் கவிதா மூன்று பேரையும் கண்டுபிடித்துவிட்டாள். நிஜப் பெயர்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். உனக்குச் சொல்ல மாட்டேன். உனக்கு அவர்கள் கொல்லனும் நீச்சல்காரனும் தூணுமாகவே இருக்கட்டும்.

நீச்சல்காரனைக் கேட்டுவிட்டு வந்து, உன் பேஸின் கழுத்தில் குறுக்கே பதித்திருந்த கம்பிகளையெல்லாம் என் குறடால் நீ பிடுங்கியதையும் சொன்னேன். குழிகளில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தாய். புதுக் கம்பி எங்கும் கிடைக்காத காலம். தடித்த கம்பி அறுந்ததும் என் கடையிலிருந்து பிரேக் கேபிளை உருவிக்கொண்டு போனாய். பழைய கம்பிகளை வெந்நீரில் கொதிக்க வைத்தால் சத்தம் திரும்ப வரும் என்று எவனோ சொன்னான். எதில் கொதிக்க வைத்தாய்? தெரேஸின் ரசப் பாத்திரத்தில்! சவரம் பண்ண அதில் வெந்நீர் வைத்ததற்கு என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள், உனக்கு அடுப்பு ஊதிக் கொடுத்தாள். அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது.

புது சர்க்காரின் தெருக் கமிட்டி ஆள் வந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்கச் சங்கீதம் கேட்கிறது என்று என் கிட்டார் ஒயரை ஒரு மாதம் எடுத்துப் போனான். உன்னைப் பார்த்து, "இந்த வீட்டில் என்ன மெஷின் ஓடுகிறது? சுவர் நடுங்குகிறதே?" என்று கேட்டான். "தையல் மெஷின்" என்றாய். நம்பிவிட்டான். உன் வாசிப்பைச் சங்கீதம் என்றே அவன் நினைக்கவில்லை. நான் ஒரு மாதம் சும்மா இருக்க, நீ உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இருந்தாய்.

இப்போதும் அப்படித்தானே? நான் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவளுக்குக் கேட்கவில்லை. உன் சாம்பல் மாதா கோயில் மாடத்தில் இருக்கிறது, உன் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. எழுதிக் காட்டினால் அவள் கண்ணுக்கு நான் தெரிகிறேன். ஆனால் கண் வேறு, காது வேறு. அவள் காதில் நான் இனி வரவே மாட்டேனா?

உன் பேஸ் எங்கள் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. கடைசியாக ஆஸ்பத்திரியில் "அது அண்ணிகிட்ட இருக்கட்டும்" என்றாய். என்னிடம் இல்லை, அண்ணியிடம். அதையும் நான் மறக்கவில்லை. அதைக் கீழே இறக்கினேன். கவிதா புதுக் கம்பி போட்டு, அவளுடைய ஸ்பீக்கரையும் விட்டுப் போனாள். தெரேஸ் பூசைக்குப் போகிற நேரமாகப் பார்த்து ரகசியமாகப் பழகினேன். அடப் பாவி, எப்படியடா இதை வாசித்தாய்? குறுக்குக் கம்பி இல்லாத கழுத்தில் எந்த இடத்தில் எந்தச் சுரம் இருக்கிறது? ஈரத் தரையில் நடப்பது போல் விரல் சறுக்குகிறது. கம்பியோ கயிறு மாதிரி. விரல் நுனி கன்றி, இந்தப் பேனாவைப் பிடிக்கவும் வலிக்கிறது. கிட்டாரில் மேலே பறந்துகொண்டிருந்த எனக்கு, கீழே நீ இவ்வளவு பாரம் தூக்கிக்கொண்டிருந்தது தெரியவே தெரியாது. அதற்காகப் பொறாமை குறையும் என்று நினைக்காதே. கூடிவிட்டது.

நேற்றுக் காலை அவள் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பூசைக்குப் போகும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. ஸ்பீக்கரின் சத்தத்தைத் திருகிக் கூட்டி வைத்துவிட்டு ஏழு எண்ணி ஆரம்பித்தேன். நெஞ்சு அடித்த அடியில் எண்ணிக்கையே குழம்பியது. கொஞ்ச நேரத்தில் அவள் ஈரத் துணியோடு கதவருகில் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். நான் தலையைத் தூக்கவில்லை.

"இது சவரி தம்பி இல்ல" என்றாள்.

கை நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்துறீங்க? நீங்கதானே? அவரு இப்படி விழுந்தடிச்சு ஓட மாட்டாரு. அடுத்த அடி வர்றதுக்கு முன்னாடியே அங்க போய் நிக்கிறது இந்த வீட்ல ஒரே ஒரு ஆள்தான். கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து சொல்றேன், மெதுவா போங்கன்னு. சுருதியும் கிடையாது. கண்றாவியா இருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்தது பார், அடக்கவே முடியவில்லை. என்ன சிரிப்பு என்று அதட்டினாள். காலண்டரில் நேற்றுத் தேதியையே கிழித்து, எழுதிக் காட்டினேன்: 'இன்னொரு தடவை திட்டு.'

படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். துணியை நாற்காலி மேல் போட்டுவிட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதுக்குக் கேக்கணுமா? வாசிங்க, திட்டுறேன்."

சாப்பாட்டு நேரம் வரை வாசித்தேன் சவரி. சாப்பாட்டு நேரம் வரை திட்டினாள்.

இன்றைக்கு வகுப்பில் கவிதாவிடம் சொன்னபோது, டக் டக்கென்று தாளம் காட்டுகிற ஒரு கருவி இருக்கிறது, அதை வைத்துப் பழகினால் இந்த ஓட்டம் நின்றுவிடும் என்றாள். வேண்டாம்மா என்று சொல்லிவிட்டேன். ஓட்டம் நின்றால் அது நான்தான் என்று தெரேஸுக்கு எப்படித் தெரியும்?

நீ நன்றாக வாசித்தவன், ஒப்புக்கொள்கிறேன். கொல்லனுக்கும் நீச்சல்காரனுக்கும் தூணுக்கும் பக்கத்தில் உட்கார வேண்டியவன். ஆனால் அத்தனை வருஷத்தில் தெரேஸ் உன்னை ஒரு தடவையாவது இப்படித் திட்டியிருக்கிறாளா? இல்லையே. போ, இனி கொஞ்ச நாள் நீ பொறாமைப்படு.

வருகிற ஞாயிறு வகுப்பு முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து எழுதுவேன். இந்த ஒரு வாரத்தில் அவள் என்னென்ன சொல்லித் திட்டினாள் என்பதை ஒன்று விடாமல் எழுதுவேன், இது சத்தியம்.

உன் அண்ணி வாயால் திட்டு வாங்குகிற,
உன் அண்ணன்
பழனி