தலைமாடு வடக்கு

மே 9, சனி

காலையிலிருந்து தூறல். ஊஸ்டரில் கரவன் சாமான் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். கரவனை, காரால் இழுத்துப் போகும் அந்த வீட்டை, மட்டமாக நிறுத்த ஏதாவது வாங்க வேண்டும். வியாழன் ஆவ்பார்ட், யேசு விண்ணேறிய நாள் விடுமுறை. வாலன் ஏரிக் கரையில் இடம் பதிந்தாகிவிட்டது.

போன வருடம் தெசினில் சரிவில் நிறுத்தியது நான்தான். மனைவி வசந்திக்குக் காதுக்குள் ஒரு கோளாறு. சரிந்து படுத்ததில் விடியும்வரை தலைச்சுற்று, வாந்தி. அடுத்த நாளே திரும்பினோம். "இன்னொருக்கா இப்பிடி எண்டால் இதை வித்துப்போடுங்கோ. நான் ஏறமாட்டன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயம். கரவன் போனால் இந்த நாட்டில் சொந்தக்காரர் மணி அடிக்காத இடம் எனக்கு வேறு இல்லை.

கடையில் இருந்தவை:
– படி வைத்த பிளாஸ்டிக் கட்டை. காரால் இழுத்துச் சில்லை அதன்மேல் ஏற்ற வேண்டும். மலிவு. நல்ல உயரம்.
– காற்றுப்பை. சில்லுக்குக் கீழே வைத்துப் பம்பால் ஊதுவது. உயரம் குறைவு.
– பொத்தானை அழுத்தினால் தானே மட்டமாகும் மின்சாரக் கால்கள். விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

விற்பனைப் பெண் கட்டையைத்தான் கையில் தந்தாள். ஒருவர் ஓட்ட வேண்டுமாம், இன்னொருவர் வெளியே நின்று நீர்மட்டத்தைப் பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டுமாம். "உங்களோடு யார் வருவார்கள்?"

சாதாரணக் கேள்வி. ஏனோ எரிச்சல். வசந்திக்குக் குனிந்தாலே தலை சுற்றும், அவளை நிறுத்த முடியாது. காற்றுப்பை என்றால் நானே ஊதலாம், நானே பார்க்கலாம். அதையே வாங்கினேன்.

பால், முட்டை மறந்துவிட்டது.

மே 11, திங்கள்

வெயில். வேலை முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் ஒத்திகை. பை நன்றாக ஊதியது. நீர்மட்டக் குமிழி நடுவில். திருப்தி.

மேலே வந்தால் வ. தொலைபேசியில். "அவரோ? கீழை காத்தடிச்சுக்கொண்டு நிக்கிறார்." சிரிப்பு. "ஓம் அத்தான், சொல்லுறன்." வைத்த பிறகு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தான் என்றால் டீட்டிகோனில் இருக்கும் என் அண்ணன்.

அவரோடு நான் கதைப்பதில்லை. அப்பாவின் மரண அறிவித்தலில் பிள்ளைகள், மருமக்கள், பேரர் எல்லாரும் இருந்தார்கள். என் பெயர் மட்டும் இல்லை. எழுதிக் கொடுத்தது அண்ணன். அவசரத்தில் விடுபட்டுப் போயிற்றாம். தன் மனைவியின் பெயர் மட்டும் விடுபடவில்லை. நான் கரவன் வாங்கியதும் அவரும் ஒன்று வாங்கினார். என்னுடையதைவிட நீளம்.

மே 14, வியாழன்

வழியெல்லாம் வாகன நெரிசல். மதியம் தாண்டித்தான் வந்து சேர்ந்தோம். முகப்பை ஏரிப் பக்கம் வைத்தேன். நீளவாட்டில் இருந்த சரிவை, உயர்த்தித் தாழ்த்தக்கூடிய முன்சில்லு பார்த்துக்கொண்டது. பக்கவாட்டில் கொஞ்சம், அதற்குப் பை. பக்கத்து வயோதிகச் சோடி கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பார்க்கட்டும். குமிழி நடுவில்.

வ. தலையணை உறை மாட்டினாள். யன்னலால் ஏரியைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ. தலைமாடு வடக்கு."

"எங்கை?"

"கட்டில் தலைமாடு. ஏரி தெற்கிலை எல்லோ?"

எல்லாம் அளந்தேன், திசையைத் தவிர. விஞ்ஞானம் என்று தொடங்கினேன்.

"அப்ப நீங்கள் வடக்கை தலை வைச்சுப் படுங்கோ, நான் காருக்குள்ளை படுக்கிறன்."

நானும் வாழ்நாளில் வடக்கே தலை வைத்துப் படுத்ததில்லை. கட்டில் வண்டியோடு பொருத்தியது, கால்மாட்டில் அலுமாரி, மாறிப் படுக்கவும் முடியாது. அரைவட்டம் திருப்ப இடமில்லை, காரைக் கொழுவிக் கால்வட்டம் திருப்பினேன். இப்போது தலைமாடு கிழக்கு, சரிவு முழுவதும் பக்கவாட்டில். பையை அதன் எல்லைவரை ஊதியும் குமிழி ஓரத்திலேயே நின்றது.

வ. படியில் உட்கார்ந்திருந்தாள். "அத்தானுக்குப் போன் எடுத்திட்டன். கட்டையோடை வாறார்."

"ஆரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டால் வித்துப்போட்டுத்தான் வீட்டை போகவேணும்."

வெளிச்சம் இருக்கும்போதே அண்ணன் வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. இரண்டு கட்டைகளை இறக்கிவிட்டு ஏரியைப் பார்த்தார்.

"எஞ்சினியர் திசை பாக்கேல்லையோ?"

"நீங்கள் என்ரை பேரையே பாக்கேல்லை."

வாயில் வந்துவிட்டது. இத்தனை வருடம் வேறுமாதிரி, இன்னும் நீளமாகச் சொல்வதாக இருந்தேன்.

"அடுத்த நாள் திருத்தினன்தானேடா."

"திருத்தினதை ஆர் பாத்தது?"

அவர் கட்டையைக் காலால் சில்லோடு தள்ளினார். வ. எழுந்தாள். "ரெண்டு பேரும் முதல் வண்டியை ஏத்துங்கோ. எனக்குப் படுக்கவேணும்."

காரில் ஏறினேன். பக்கக் கண்ணாடியில் அவருடைய கை மட்டும் தெரிந்தது. குட்டை விரல்கள், அப்பாவுடையவை மாதிரி.

"விடு... விடு... இன்னும் கொஞ்சம்... காணும், நிப்பாட்டு."

அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். இறங்கிப் போய் நானும் பார்த்தேன். சரியாக நடுவில்.

தேத்தண்ணி குடித்தார். ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்குக் கண்ணாடியில் ஒட்டும் கட்டண வில்லை பற்றிக் கதைத்தார். அறிவித்தல் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னிப்பும் இல்லை. எழுதி வைக்கிறேன்: இல்லை.

மே 15, வெள்ளி

மூடுபனி. ஏரி தெரியவில்லை. வ. அயர்ந்து தூங்கினாள். நான் எழும்பி, பாண் வாங்கி வந்து, கோப்பி போட்ட பிறகும் தூக்கம். எழுந்ததும் ஒரு கையால் சுவரைப் பிடித்து நின்றாள், பிறகு கையை எடுத்தாள். சுற்றவில்லை.

"அப்ப விக்கிறேல்லையோ?" என்றேன்.

"ஆர் விக்கச் சொன்னது? ஆடி லீவுக்கு எங்கை?"

கட்டைகளை அண்ணன் கொண்டுபோகவில்லை. மறந்தாரா என்று கேட்டேன்.

"மறக்கேல்லை. அடுத்தமுறையும் தான் வந்து நிண்டு பாக்கிறாராம்."

"அவர் ஏன்?"

"அப்ப வேறை ஆர்?"

காற்றுப்பையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். ரசீது காரில் எங்கோ இருக்கிறது. பையின் அடியில் சேறு பட்டிருக்கிறது, கழுவினால் கடையில் திருப்பி எடுப்பார்களோ தெரியவில்லை.