வாசலில் தொங்கிய டப்பா

14 நவம்பர் 1996, வியாழன்

வீட்டுக் காற்றிலுள்ள இயற்கைக் கதிர்வீச்சை அளக்க, படுக்கையறைகளில் மூன்று மாதம் ஃபிலிம் டப்பா தொங்கவிடுகிறோம். மண்டி மொஹல்லாப் பகுதியில் சரசா வீட்டு அளவு மட்டும் மிகக் குறைவு. ஃபிலிமில் கதிர் பதித்த தடங்களை நான் தப்பாக எண்ணியிருப்பேன் என்றார் என் ஆராய்ச்சி கைடு. மைக்ராஸ்கோப்பில் மூன்று முறை எண்ணினேன். அதேதான்.

இன்று நேரில் போனேன். அடுத்த சுற்றுக்குக் கொடுத்த டப்பா வாசலில் தொங்கியது. போன தடவையும் அங்கேதானாம்.

"உள்ள கொழந்த தூங்குது மேடம். அதுலேர்ந்து ஏதாவது வந்துட்டா?"

"அதுலேர்ந்து எதுவும் வராதும்மா. காத்துல இருக்கறததான் பதிஞ்சுக்கும்."

"உங்க வீட்ல மாட்டியிருக்கீங்களா?"

இல்லை. நானும் மாட்டுகிறேன் என்றதும் உள்ளே மாட்டவிட்டாள்.

வெளிக்காற்றில் அளவு குறைவாகத்தான் இருக்கும்; என் எண்ணிக்கை சரிதான். நிம்மதி.

எங்கள் கட்டிலுக்கு மேலே இப்போது ஒன்று தொங்குகிறது. இவர் அண்ணாந்து பார்த்தார். தலையணையைச் சுவர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டார்.